கஞ்சி பாயும் பன்னிரண்டு நீல எலிகளும்

சிங்கப்பூரில் விஞ்ஞானத்தைப் பாசத்தால் தோற்கடித்த ஒரே மனிதர் கஞ்சி பாய்தான். வேறு யாராவது இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். படித்துப் பார்ப்பேன், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எம்ஆர்டி ரயில் வரப்போகிறது என்று ஊரில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புக்கிட் பாத்தோக்கில் புது வீட்டுக்குக் குடிபோன கையோடு எனக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. அதற்குமுன் விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு, பள்ளியில் ஒரு சோதனைக் குழாயை உடைத்ததோடு முறிந்திருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலி அறைக்குப் பொறுப்பாளர் கஞ்சி பாய். விடுப்புப் படிவங்களில் அவருக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று இருந்தது. நானே எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். இன்று நெற்றியைத் தேய்த்தாலும் அது நினைவுக்கு வரவில்லை. பேராசிரியர் முதல் தரை துடைக்கும் ஆன்ட்டி வரை எல்லாருக்கும் அவர் கஞ்சி பாய்தான்.

காரணம், தேக்கா பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ரமலான் மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் குழுவுக்கு அவர் தலைவர். மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஆளுயர அண்டாவைக் கிண்டுவார். மறுநாள் எங்களுக்கும் ஒரு பெரிய தூக்கு நிறைய வரும். ஆளுக்கு ஓர் அகப்பை. அதில் மட்டும் அவர் ஹிட்லரையே மிஞ்சுவார். ஒருமுறை எங்கள் சீனப் பேராசிரியர், துறைக்கே தலைவர், கிண்ணத்தை இரண்டாவது முறை நீட்டினார்.

"பாய், ஒன் மோர், கேன் ஆர் நாட்?"

"கேனாட், புரொபசர். கிளீனர் ஆன்ட்டி நாட் யெட் டேக். எவரிபடி சேம் அகப்பை."

பேராசிரியர் கிண்ணத்தோடு ஓரமாகப் போய் நின்றார். ஆன்ட்டி வந்து, வாங்கி, குடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் அவருக்கு இரண்டாம் சுற்று கிடைத்தது. பந்தி வஞ்சனை செய்தால் சோறு விஷமாகிவிடும் என்பது பாயின் உறுதியான நம்பிக்கை.

இந்த மனிதரிடம்தான் டாக்டர் மங்கை தன் எலிகளை ஒப்படைத்தார். டாக்டர் மங்கை ஜப்பானில் சில ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியவர். மெலிந்த உருவம், கனத்த கண்ணாடி, கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். முதல் வாரமே என்னை உட்காரவைத்துக் கரும்பலகையில் படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். மூளையின் நரம்பு செல்கள் வாடாமலிருக்க வளர்ச்சிக் காரணி என்றொரு புரதம் வேண்டுமாம். வயதாக ஆக அது குறைகிறதாம். வெளியிலிருந்து கொடுக்கலாமென்றால் அது உருவத்தில் பெரியது; ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகவிடாமல் ஒரு தடுப்பு இருக்கிறதாம். அதனால் தடுப்பைத் தாண்டக்கூடிய குட்டி மூலக்கூறு ஒன்றை அனுப்பி, மூளையே தனக்கு வேண்டியதைக் கூடுதலாக உற்பத்தி செய்துகொள்ளும்படி தூண்டிவிடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை.

வெளியே வந்ததும் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க? உங்க புளோக் லிஃப்ட்டுல பிரியாணி அண்டா நுழையுமா?"

"நுழையாது பாய்."

"பன்னெண்டாவது மாடியில கல்யாண வீடு. அண்டா கீழே நிக்குது. என்ன பண்ணுவ?"

"தெரியலையே."

"ஒரு துண்டுச் சீட்டுல 'அடுப்பைப் பத்த வை, நீயே ஆக்கிக்க'ன்னு எழுதி, கதவு இடுக்குல சொருகிட்டு வரணும். அரிசி மேலயே இருக்கு, அடுப்பு மேலயே இருக்கு, ஆளுங்கதான் சும்மா குந்தியிருக்காங்க. சீட்டு போதும் லா. அந்தச் சீட்டுதான் டாக்டரம்மாவோட மருந்து."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அடுத்த மாதம் டாக்டர் மங்கையே ஒரு கருத்தரங்கில் இந்த அண்டாவையும் லிஃப்ட்டையும் சொல்லிக் கைதட்டு வாங்கினார். பாயிடம் அனுமதி கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பாயின் விளக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அதை அவர் எல்லாரிடமும் சொன்னார். தேக்காவில் மளிகைக் கடையில் சொன்னார், பேருந்தில் ஓட்டுநரிடம் சொன்னார், முடி வெட்டிக்கொண்டே சொன்னார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பிஎஸ்எல்இ இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்த நேரம் அது. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் நான்கு தாய்மார்கள், கையில் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளோடு.

"மூளை தானா வளர்ற மருந்து இங்கதான் குடுக்குறாங்களாமே?"

காவலாளி திகைத்தார். டாக்டர் மங்கை மிக மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நிலைமை மோசமென்று புரிந்துகொண்ட பாய் முன்னால் பாய்ந்தார்.

"இது எலிக்கு உள்ள மருந்தும்மா. மனுசன் குடிச்சா வால் முளைச்சிரும்."

மூன்று பேர் உடனே திரும்பிப் போனார்கள். நான்காவது அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எவ்ளோ நீளம் முளைக்கும்?"

அதன்பின் வெளியில் மருந்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று பாய்க்கு எழுத்துமூலம் உத்தரவு போனது. தட்டச்சு செய்தது நான்தான். அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எலி அறையில் மாட்டிவைத்தார்.

சோதனைக்கு வருகிறேன். இருபத்துநான்கு எலிகள். எல்லாம் கிழடுகள், மனிதக் கணக்கில் பார்த்தால் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளை எடுத்தவை. பன்னிரண்டு எலிகளுக்குச் சிவப்பு நாடா ஒட்டிய பாட்டிலில் மருந்து கலந்த தண்ணீர். மற்ற பன்னிரண்டுக்கு நீல நாடா ஒட்டிய பாட்டிலில் வெறும் தண்ணீர். மூன்று வாரம் கழித்து, ஒட்டுப்பலகையில் பாய் செய்துகொடுத்த புதிர்ப்பாதையில், முன்பே ஒத்திகை பார்த்த எலிகளை ஒவ்வொன்றாக விடவேண்டும். பாதை முடிவில் ஒரு கச்சாங் பூத்தே கடலை. எந்த எலி எத்தனை விநாடியில் வழியை நினைவில் வைத்துக் கடலையை அடைகிறது என்று நான் கடிகாரத்தில் பார்த்து எழுதவேண்டும். சிவப்பு எலிகள் ஜெயித்தால் மருந்து வேலை செய்கிறது. மூளைக்குள் அந்தப் புரதம் உண்மையிலேயே கூடியதா என்று அளப்பது அடுத்த கட்டம்.

அந்த அடுத்த கட்டத்துக்குப் போகமுடியுமா என்பதுதான் கேள்வி. ஆண்டு முடிவில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. காட்டுவதற்கு முடிவு இல்லையென்றால் ஆய்வை மூடிவிட்டு அறையைக் காலி செய்யவேண்டும் என்று டாக்டர் மங்கைக்குக் கடிதம் வந்துவிட்டது. நான்கு வருட உழைப்பு. பக்கத்துத் துறையினர் அப்போதே அறையை அளவெடுக்க வந்தார்கள், தங்கள் நகலெடுக்கும் இயந்திரம் உள்ளே நுழையுமா என்று.

பாய் ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாட்டை ரசிக்கவில்லை. எலிகளை அவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அறையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்துத் தமிழ் ஒலிபரப்பைப் போட்டுவிடுவார். அது சிவப்புப் பக்கத்துக்குக் கொஞ்சம் அருகில் இருப்பதாகச் சந்தேகப்பட்டு, ஒருநாள் சணல் கயிறு கொண்டுவந்து அளந்து நடு மத்தியில் வைத்தார். ஒத்திகையில் வழி தவறிய எலிகளுக்கும் சட்டைப்பையிலிருந்து கடலை கொடுத்து டாக்டர் மங்கையிடம் மாட்டிக்கொண்டார்.

"பாய், ஜெயிச்ச எலிக்கு மட்டும்தான் கடலை."

"வழி தெரியாதவனுக்குப் பசிக்காதா டாக்டரம்மா?"

"பசிக்கும். அதான் வழி கத்துக்கும்."

பாய் கடலைப் பொட்டலத்தை ஒப்படைத்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்று வாரம் முடிந்தது. புதிர்ப்பாதையைத் திறந்தோம். சிவப்பு எலிகள் ஓடின பாருங்கள், அலுவலகம் விட்டதும் பேருந்துக்கு ஓடும் என்னைப்போல. டாக்டர் மங்கையின் முகம் மலர்ந்தது. அடுத்து நீல எலிகளை விட்டோம். அவையும் அதே ஓட்டம் ஓடின. ஒரு நீலக் கிழவன் சிவப்பில் பாதிப்பேரைவிட வேகமாகப் போய்க் கடலையைக் கவ்வினான். எழுதி எழுதி என் கைதான் வலித்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்று. வித்தியாசம் இல்லையென்றால் மருந்து வெறும் தண்ணீர் என்று அர்த்தம்.

டாக்டர் மங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "அறையைக் காலி பண்றோம்னு ஒரு கடிதம் தயார் பண்ணிடும்மா. தேதி மட்டும் போடாதே" என்றார். அன்று அந்தக் கடிதத்தில் நான் செய்த தட்டச்சுப் பிழைகளை வேறெந்த நாளும் செய்ததில்லை.

மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தம்வரை போனபிறகு குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். எலி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாய், வரிசையாகச் சிவப்பு பாட்டில்களைக் கழற்றி நீலக் கூண்டுகளில் மாட்டிக்கொண்டிருந்தார். நீல பாட்டில்கள் சிவப்புக் கூண்டுகளுக்குப் போயின.

"பாய்! என்ன பண்றீங்க?"

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "பந்தி மாத்துறேன் தங்கச்சி. பகல்ல அவங்க, ராத்திரிக்கு இவங்க. காலையில வந்து திரும்ப மாத்திருவேன்."

"எத்தனை நாளா?"

"மொதல் நாள்லேர்ந்து. பின்ன? ஒரே ரூமுல பன்னெண்டு பேருக்கு மருந்து, பன்னெண்டு பேருக்குப் பச்சத் தண்ணியா? அவன் குடிக்கிறதை இவன் பார்த்துக்கிட்டே இருக்கான். எம் மனசு கேக்கல லா."

நான் அங்கேயே ஒரு தீவனமூட்டையின்மேல் உட்கார்ந்தேன். சிரிப்பதா, அவர் தலையில் பாட்டிலைப் போடுவதா என்று தெரியவில்லை. காலி செய்யும் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த பாட்டில் நழுவிக் கீழே உருண்டது. நீல எலிகளுக்கு ஏன் மருந்து தரக்கூடாது என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. 'தராதீர்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பாயிடம் தராதே என்று மட்டும் சொன்னால் எப்படி?

"யா அல்லா! நான் போட்ட மண்ணா?" என்றார். "நீ ஒண்ணும் சொல்லாத தங்கச்சி. நானே சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான். பாய் நடந்ததைச் சொல்லி முடித்தார். பிறகு டாக்டர் மங்கை மிக மிக மெதுவாகக் கேட்டார்.

"பாய், அந்தப் பன்னெண்டு எலிக்கும் ஒண்ணும் கொடுக்காம இருந்தாத்தான், இந்தப் பன்னெண்டுக்கும் மருந்து வேலை செஞ்சுதுன்னு நான் சொல்லமுடியும். புரியுதா?"

"அப்ப அவங்க எதுக்கு இங்க வந்தாங்க?"

"ஒண்ணும் கிடைக்காம இருக்கறதுக்கு."

"அது ஒரு வேலையா டாக்டரம்மா?"

"அதான் பாய் இங்கேயே ரொம்பப் பெரிய வேலை. அவங்க இல்லேன்னா மருந்தே இல்லை."

பாயின் குரல் மாறியிருந்தது. "அப்ப அவங்க பட்டினி கிடக்கல. நோன்பு இருக்காங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நோன்புன்னா முடிவு உண்டு. எந்தக் கிழமை நோன்பு திறப்பு?"

டாக்டர் மங்கை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். சிரித்து முடித்ததும் அவருக்கு இன்னொன்றும் உறைத்திருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து புதிர்ப்பாதை பழகிய, ஆனால் மருந்தே காணாத இரண்டு கிழ எலிகளைக் கொண்டுவந்து புதிர்ப்பாதையில் விட்டார். ஒன்று முதல் திருப்பத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது. மற்றது சுவரைக் கடித்தது. அப்படியென்றால் எங்கள் இருபத்துநான்கும் ஓடியது பாதி மருந்தின் வேகத்தில்! மருந்து வேலை செய்கிறது. ஆனால் 'எங்கள் பாய் பந்தி மாற்றினார்' என்று ஆய்வறிக்கையில் எழுதமுடியாது. குழு வர ஒரு மாதம்கூட இல்லை. புதிதாக இருபத்துநான்கு கிழடுகள், இன்னொரு மூன்று வாரம், ஒரே ஒரு வாய்ப்பு.

"வேற ஆளைப் போடட்டுமா பாய்?" என்றார் டாக்டர் மங்கை.

"வேணாம். நோன்பாளிங்களை நான்தான் பாத்துக்கணும்."

அன்று மதியம் கேன்டீனில் பாய் கோப்பி வாங்கவில்லை. சர்க்கரை போட்ட கறுப்புக் கோப்பி, ஒரு நாளைக்கு ஏழு, எட்டு குடிக்கிற மனிதர். ஏன் என்று கேட்டேன். "நீலப் பக்கத்துக்கு இல்லாதப்ப எனக்கு மட்டும் என்னா?" என்று சுடுதண்ணீரை ஊதிக் குடித்தார்.

அடுத்த மூன்று வாரத்தில் எங்கள் துறை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இரண்டாம் நாள் பாய்க்குத் தலைவலி. நான்காம் நாள் பேராசிரியருக்கு ஒரு சலாம், அவர் பின்னால் இருந்த அலமாரிக்கு ஒரு சலாம். ஆறாம் நாள் தொலைபேசியை எடுத்து, "பள்ளிவாசல்ங்க" என்றார். கேன்டீன் கோப்பிக் கடைக்கு எதிரே போய் நின்று கண்ணை மூடி மூச்சை மட்டும் இழுப்பார். கடைக்காரச் சீனப் பெரியவர் பயந்துபோய் ஒரு கோப்பியோடு ஓடிவந்தார். "பாய், யூ ஆங்ரி வித் மீ ஆ?" பாய் அவரைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லிக் கோப்பியைத் திருப்பி அனுப்பினார்.

கடைசி நாள்தான் சோதனை. குழு திங்கட்கிழமை வருகிறது, இது வெள்ளி. சிவப்பு எலிகள் பிரமாதமாக ஓடின. ஆனால் போனமுறையும் அப்படித்தானே ஓடின? யாரும் சிரிக்கவில்லை. முதல் நீல எலியை விட்டோம். அது இரண்டாவது திருப்பத்தில் நின்று, உட்கார்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு பாயையே பார்த்தது. பாயால் தாங்கமுடியவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"தங்கச்சி, வந்துட்டானா?"

"இன்னும் இல்ல பாய்."

"கடலை வாசம் அடிக்கும்ல?"

"அடிக்குது."

"வலது பக்கம்டா மாப்ள…" என்று கதவிடுக்கில் முணுமுணுத்தார்.

"பாய்!" என்றார் டாக்டர் மங்கை.

"மன்னிச்சுக்குங்க. நான் வாயைத் தொறக்கல."

மாப்ள இடது பக்கமே போனான். அடுத்தவன் வந்த வழியே திரும்பினான். பன்னிரண்டு பேரும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்போல உலாவினார்கள். அவ்வளவு அழகான தோல்வியை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் மங்கை இரண்டுமுறை கூட்டிப் பார்த்தார், மூன்றாவது முறை என்னைக் கூட்டச் சொன்னார். வித்தியாசம் மலைபோல இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழு ஆய்வைத் தொடரச் சொன்னது. அறை தப்பியது. நகலெடுக்கும் இயந்திரம் நடைபாதையிலேயே நின்றது. மருந்து மட்டும் இன்றுவரை கடைக்கு வரவில்லை. எலிக்குச் சரிப்பட்டது மனிதருக்குச் சரிப்படுவது அவ்வளவு சுலபமில்லையாம். நானும் சாவியை வைத்த இடம் தெரியாமல் தினமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை மறக்கவில்லை. எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தபோது பாயைக் காணோம். எலி அறையில் இருந்தார். பன்னிரண்டு சிவப்பு பாட்டில்களைத் தட்டில் அடுக்கி, நீலக் கூண்டுகளுக்கு முன்னால் கையில் ஏந்தியபடி நின்றிருந்தார். ஒன்றைக்கூட மாட்டவில்லை.

"எண்ணி எழுதி முடிச்சாச்சா டாக்டரம்மா? இனிமே குடுக்கலாம்ல? நீங்க சொல்லாம தொடமாட்டேன்."

டாக்டர் மங்கை தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தானே முதல் கூண்டில் மாட்டினார். இரண்டாவதைப் பாய் மாட்டினார். பன்னிரண்டும் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் மூவரும் கேன்டீனுக்குப் போனோம். பாய் கோப்பியை இரண்டு கையாலும் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது என் கோப்பை காலியாக இருந்தது.

"என்னா தங்கச்சி, வாய் பொத்துப்போகாதா? அம்புட்டு அவசரமா?"

"ஆறிப்போச்சு பாய்" என்று சமாளித்தேன். எங்கள் தேவாலயத்தில் ஈஸ்டருக்குமுன் தவக்காலம் என்று ஏதாவதொன்றை விட்டுவிடுவோம். அந்த வருடம் எனக்குத் தவக்காலம் இரண்டு முறை வந்தது, இரண்டாவது மூன்று வாரம், கோப்பி இல்லாமல். அதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.